ஆர்வில் கெல்லி: 22 அணுகுண்டுகளைப் பார்த்த சார்ஜென்ட் அரசிடம் கேட்டது என்ன?

ஜூலை 16 அமெரிக்காவில் தேசிய அணு வீரர்கள் தினம். 1945ஆம் ஆண்டு அதே நாளில்தான் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் உலகின் முதல் அணுகுண்டு வெடித்துப் பார்க்கப்பட்டது. அதிலிருந்து 1962 வரை திறந்த வெளியில் நடந்த சோதனைகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க ராணுவத்தினர் வேலை பார்த்தார்கள். இவர்களைத்தான் 'அணு வீரர்கள்' என்கிறார்கள்.

இன்றைக்கு இவர்களுக்கென்று ஒரு நாள் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, பதக்கமும் இருக்கிறது. ஆனால் 1970களில் இப்படி ஒரு கூட்டம் இருப்பதே பொதுமக்களுக்குத் தெரியாது. அதைத் தெரியவைத்தவர்களில் முக்கியமானவர் ஆர்வில் கெல்லி. அவர் இறந்து 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

யார் இந்த கெல்லி?

அமெரிக்கத் தரைப்படையில் சார்ஜென்டாக இருந்தவர். 1958ஆம் ஆண்டு மார்ஷல் தீவுகளில் உள்ள எனிவெடாக் பவளத் தீவுக்கூட்டத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஜப்டான் என்ற குட்டித் தீவின் பொறுப்பு அவரிடம் இருந்தது. பசிபிக் கடலின் நடுவே தென்னை மரங்கள், மணல், நீலத் தண்ணீர். பார்த்தால் சுற்றுலாத் தலம் மாதிரி இருக்கும் இடம். ஆனால் அங்கே பிறந்து வளர்ந்த மக்களை 1947லேயே வேறு தீவுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். காரணம், அது அணுகுண்டு சோதனைக் களமாகிவிட்டது. 1952ல் அங்கே வெடித்த முதல் ஹைட்ரஜன் சாதனம் எலுகெலாப் என்ற தீவையே இல்லாமல் ஆக்கிவிட்டது. அதன் சக்தி 10 மெகாடன்னுக்கும் மேல்.

கெல்லி அங்கே இருந்த சமயத்தில் நடந்தது 'ஹார்ட்டாக்' என்ற சோதனை வரிசை. 1958 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை பசிபிக் பகுதியில் மொத்தம் 35 குண்டுகள். அதில் 22 வெடிப்புகளை கெல்லி பார்த்தார்.

பாதுகாப்பு என்ன கொடுத்தார்கள்?

சோதனைக் களங்களில் வழக்கமான உத்தரவு இதுதான்: வெடிப்புக்கு முதுகு காட்டி நில் அல்லது உட்கார், கண்ணை மூடு, கையால் முகத்தைப் பொத்து. கண்ணை மூடியிருந்தும் தங்கள் கை எலும்புகள் தெரிந்ததாகப் பல வீரர்கள் பின்னாளில் சொன்னார்கள்.

பலருக்கு 'பிலிம் பேட்ஜ்' என்ற ஒன்றைக் கொடுத்தார்கள். சட்டையில் மாட்டிக்கொள்ளும் சின்ன வில்லை, உள்ளே ஒரு துண்டு போட்டோ பிலிம். கதிர்வீச்சு படப்பட பிலிம் கருக்கும். எவ்வளவு கருத்திருக்கிறதோ அதை வைத்துக் கதிர்வீச்சின் அளவைக் கணக்கிடுவார்கள். இதில் இரண்டு சிக்கல். எல்லாருக்கும் எப்போதும் பேட்ஜ் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் அது வெளியிலிருந்து உடம்பில் படும் கதிர்வீச்சை மட்டும்தான் காட்டும். மூச்சோடு உள்ளே போன தூசு, சாப்பாட்டிலும் தண்ணீரிலும் கலந்து வயிற்றுக்குள் போன துகள், இதெல்லாம் அதில் பதிவாகாது.

நோய் வந்த பிறகு என்ன செய்தார்?

ராணுவத்தை விட்டு வந்த கெல்லி பத்திரிகைத் துறைக்குப் போனார். அயோவா மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் மனைவி வாண்டா, நான்கு பிள்ளைகளோடு வாழ்ந்தார். 1973ல், நாற்பதுகளின் தொடக்கத்தில், அவருக்கு லிம்போமா வகைப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது.

வீடே இடிந்துபோனது. யாரும் யாரோடும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒருநாள் சிகிச்சை முடிந்து காரில் திரும்பும்போது கெல்லியே அந்த மௌனத்தை உடைத்தார். சாகப்போவது உண்மை, அதை மறைக்க வேண்டாம், இருக்கிற நாளை வாழ்வோம் என்று மனைவியிடம் பேசினார். இதையே உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதினார். படித்தவர்களிடமிருந்து கடிதங்களும் போன்களும் வந்தபடி இருந்தன. 1974 ஜனவரியில் 18 பேரோடு முதல் கூட்டம் நடந்தது. 'மேக் டுடே கவுண்ட்' என்று பெயர் வைத்தார்கள். 'இன்றைய நாளை வீணாக்காதே' என்பது அதன் பொருள். புற்றுநோய் என்ற வார்த்தையைக்கூட வீட்டில் மெதுவாகச் சொன்ன காலம் அது. சில ஆண்டுகளில் நாடு முழுக்கக் கிளைகள் வந்தன. கெல்லி பெயர் தெரிந்த மனிதர் ஆனார்.

அரசிடம் கேட்டது என்ன?

தன் நோய்க்கும் ஜப்டானில் பார்த்த 22 வெடிப்புகளுக்கும் தொடர்பு இருக்கிறது என்று கெல்லி நம்பினார். முன்னாள் ராணுவத்தினர் நிர்வாகத்திடம் மனு போட்டார். பணியால் வந்த நோய் என்று அரசு ஒப்புக்கொண்டால்தான் ஓய்வூதியம் போன்ற உதவி அவருக்கும், பிறகு அவர் குடும்பத்துக்கும் கிடைக்கும். வந்த பதில், முடியாது. மறுபடி கேட்டார். மறுபடியும் முடியாது.

நிரூபிப்பது ஏன் அவ்வளவு கஷ்டம்?

முதலாவது, காலம். கதிர்வீச்சால் வரும் புற்றுநோய் பத்து, இருபது வருடம் கழித்துக்கூட வரலாம். வந்த கட்டியில் இது குண்டால் வந்தது என்று முத்திரை எதுவும் இருக்காது.

இரண்டாவது, ஆவணம். யார் எங்கே நின்றார், எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்ற தகவல் முழுக்க அரசின் கையில். பல வீரர்கள் ரகசியக் காப்பு உறுதிமொழி கொடுத்திருந்ததால் டாக்டரிடம்கூட வாய் திறக்கப் பயந்தார்கள். இது போதாதென்று, 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரில் இருந்த தேசியப் பணியாளர் ஆவணக் காப்பகம் தீப்பிடித்து, ஒன்றரை கோடிக்கும் மேற்பட்ட ராணுவ ஆவணங்கள் அழிந்தன.

மூன்றாவது, சட்டம். பணியின்போது ஏற்பட்ட பாதிப்புக்காக ராணுவ வீரர் அரசு மீது நஷ்டஈடு வழக்குப் போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1950லேயே சொல்லிவிட்டது. நிர்வாகத்திடம் மனு போடுவது ஒன்றுதான் வழி. அந்த மனுவுக்கு வக்கீல் வைத்தால் அவர் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 10 டாலர். 10 டாலருக்கு எந்த வக்கீல் வருவார்?

ஆக, சாட்சியம் வைத்திருப்பவர் ஒருவர், நிரூபிக்க வேண்டியவர் இன்னொருவர். கெல்லியின் சண்டை இதோடுதான்.

கடைசி மாதங்கள்

1979ல் கெல்லியும் வாண்டாவும் சேர்ந்து தேசிய அணு வீரர்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள். நாடு முழுக்கத் தனித்தனியாக நோயோடு போராடிய வீரர்களுக்கு, தங்களைப் போல இன்னும் பலர் இருக்கிறார்கள் என்பதே அப்போதுதான் தெரிந்தது. அதே ஆண்டின் இறுதியில் மேல்முறையீட்டு வாரியம் கெல்லியின் மனுவை ஏற்றது. அவரது நோய் பணியோடு தொடர்புடையது என்று ஒப்புக்கொண்டது.

வெற்றிதான். ஆனால் அந்த வாரியத்தின் முடிவு அந்த ஒரு மனுவுக்கு மட்டும்தான் செல்லும். அடுத்த வீரர் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். கெல்லி 1980 ஜூனில் இறந்தார். வயது 49. சங்கத்தின் வேலையை வாண்டா தொடர்ந்தார்.

அவர் போன பிறகு என்ன மாறியது?

1980லேயே ஓர் ஆய்வு வெளிவந்தது. 1957ல் நெவாடா பாலைவனத்தில் நடந்த 'ஸ்மோக்கி' சோதனையில் கலந்துகொண்ட 3,224 பேரில் 9 பேருக்கு லூக்கிமியா. சாதாரணமாக எதிர்பார்க்கக்கூடியது மூன்று, நான்கு பேர்தான். இதன் பிறகு வீரர்களின் பேச்சைச் சும்மா தட்டிவிட முடியவில்லை.

1983ல் அதிபர் ரீகன் ஜூலை 16ஐ அணு வீரர்கள் தினமாக அறிவித்தார். 1988ல் வந்த சட்டம்தான் பெரிய திருப்பம். சோதனைக் களத்தில் இருந்தீர்களா? அப்போதைய பட்டியலில் இருந்த 13 புற்றுநோய்களில் ஒன்று வந்திருக்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் போதும், நோய் பணியால் வந்ததாகவே அரசு எடுத்துக்கொள்ளும். எத்தனை அலகு கதிர்வீச்சு பட்டது என்று வீரர் நிரூபிக்கத் தேவையில்லை. கெல்லிக்கு வந்த லிம்போமாவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சட்டம் வந்தபோது அவர் இறந்து கிட்டத்தட்ட 8 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ரகசியக் கட்டுப்பாடு நீங்கியது 1996ல்தான். வாய் திறக்கலாம் என்று சட்டம் சொன்னபோது பலர் உயிரோடு இல்லை.

பதக்கம் எப்போது வந்தது?

அணு வீரர்களுக்கான நினைவுப் பதக்கத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது 2021 டிசம்பரில். பிரிட்டன் 2022 நவம்பரில் தன் வீரர்களுக்குப் பதக்கம் அறிவித்தது. அந்த நாட்டின் முதல் அணுகுண்டு ஆஸ்திரேலியாவின் மான்டி பெல்லோ தீவுகளில் வெடித்து அப்போது 70 ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு நாடுகளிலும் இறந்துபோன வீரருக்காக அவர் குடும்பத்தினர் விண்ணப்பிக்கலாம்.

பதக்கத்தைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா எங்கே போயிருந்தார், ஏன் பேசாமலே இருந்தார் என்பது தெரியாத பிள்ளைகளுக்கு அது ஒரு பதில். ஆனால் கெல்லி கேட்டது சட்டையில் குத்திக்கொள்ள ஒன்றை அல்ல. என்னை அங்கே நிறுத்தியது நீங்கள், கணக்கு உங்களிடம் இருக்கிறது, நிரூபிக்கும் பாரத்தை நோயாளியின் தலையில் வைக்காதீர்கள் என்பதுதான் அவர் கோரிக்கை. 1988 சட்டம் அதற்குக் காது கொடுத்தது. பட்டியலில் இல்லாத நோய் வந்தவர்கள் மட்டும் இன்றைக்கும் பட்ட கதிர்வீச்சின் அளவைக் கணக்குப் போட்டுக் காட்டும் பழைய வழியில்தான் போக வேண்டியிருக்கிறது.