வேலூர் ஐடா அம்மையார்

இன்று தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற இராணிப்பேட்டையில் 1870-ஆம் ஆண்டு ஜனித்தவர் ஐடா ஸ்கடர் அம்மையார். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கர்ப்பிணிகள், ஆண் வைத்தியரை வீட்டார் மறுத்தமையால் மாண்டனர். அது கண்டு மனம் மாறிய அம்மையார் அமெரிக்காவில் வைத்தியம் கற்று, 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் தொண்டைத் தொடங்கினார், 1918-இல் ஸ்திரீகளுக்கு வைத்தியப் பள்ளி நிறுவினார், 1960-இல் காலமானார். அவர் நிறுவிய வைத்தியசாலையில் 1971-இல் ஒரு மனிதரின் சிறுநீரகத்தை மற்றொருவருக்குப் பொருத்தும் சிகிச்சை வெற்றி கண்டது.

ஆம்பூரில் பதனிட்ட பிராணித் தோலை நாம் காலில் அணிகின்றோம். பிராணியின் உறுப்பை உள்ளே வைத்தாலோ, இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்கள் அதனைத் தாக்கி அழிக்கின்றன. 2022-இல் அமெரிக்காவில் மரபணு திருத்திய பன்றியின் இருதயத்தைப் பெற்றவர் இரண்டு மாதமே வாழ்ந்தார். மறுப்பைப் பழியாமல் அதன் காரணமறிந்து மாற்றுக் கண்டவர் அம்மையார். உடலின் மறுப்பையும் அவ்வழியே வெல்லுதல் நம் வாலிபர் கடன்.