வல்கனைசிங் கடையும் சார்லஸ் குட்இயரும்



பஞ்சர் கடை போர்டில் ‘வல்கனைசிங்’ என்று எழுதியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ரொம்ப நாளாக அது கடைக்காரர் பெயர், யாரோ வடநாட்டு சிங் என்று நினைத்திருந்தேன். (சிரிக்காதீங்க!) வல்கன் என்பது ரோமர்களின் நெருப்புக் கடவுள். ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்குவதுதான் வல்கனைசிங். அதைக் கண்டுபிடித்தவர் சார்லஸ் குட்இயர்.

அவர் 1800 டிசம்பர் 29-ல் அமெரிக்காவில் நியூஹேவன் என்ற ஊரில் பிறந்தார். பெரியவரானதும் பிலடெல்பியாவில் இரும்புச் சாமான் கடை வைத்தார். கடை நொடித்துப் போனது. அந்தக் காலத்தில் கடன் கட்டாவிட்டால் ஜெயில். அவர் பலமுறை போய் வந்திருக்கிறார்.

1834-ல் நியூயார்க்கில் ஒரு ரப்பர் கம்பெனிக் கடையில், தண்ணீரில் மிதக்க உதவும் ரப்பர் மிதவையைப் பார்த்தார். அதன் வால்வு சரியில்லை என்று புதிதாக ஒன்று செய்து கொண்டுபோய்க் காட்டினார். வால்வு கிடக்கட்டும், ரப்பரே சரியில்லையே என்று கடைக்காரர் புலம்பினார். வெயிலில் பிசின் மாதிரி உருகி நாறும், பனியில் விறைத்து வெடிக்கும். வாங்கினவர்கள் எல்லாம் திருப்பிக் கொண்டுவந்து கொட்டினார்களாம்.

அன்றைக்குப் பிடித்தது ரப்பர் பைத்தியம். ஜெயிலுக்கே மனைவி கிளாரிசாவின் மாவு தேய்க்கும் கட்டையை வரவழைத்து ரப்பரைத் தேய்த்தார். மக்னீசியா கலந்தார், சுண்ணாம்பு கலந்தார். நைட்ரிக் அமிலம் ஊற்றி, வந்த புகையில் மூச்சுமுட்டிச் சாகப் பிழைத்தார். அரசாங்கம் 150 தபால் பை கேட்டது. செய்து வைத்த பைகள் வெக்கையில் இளகிப்போயின.

பிறகு நத்தானியேல் ஹேவார்டு என்பவரிடமிருந்து கந்தகம் சேர்க்கும் முறையை விலைக்கு வாங்கினார். 1839-ல் கந்தகம் கலந்த ரப்பர் கைதவறிச் சூடான அடுப்பில் விழுந்தது என்கிறார்கள். உருகவில்லை! தோல் மாதிரி கருகி நின்றது. கதை இத்தோடு முடிந்தது, அதிர்ஷ்டசாலி என்று பலரும் நினைப்பார்கள். முடியவில்லை. எவ்வளவு கந்தகம், எவ்வளவு சூடு, எத்தனை மணி நேரம் என்று தெரிய இன்னும் பல வருஷம் ஆனது. கிளாரிசா ரொட்டி சுட்டு முடித்த அடுப்பில்கூட ரப்பரை வைத்துப் பார்த்தார். 1844 ஜூன் 15-ல்தான் காப்புரிமை கிடைத்தது.

இதற்குள் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? 12 குழந்தைகளில் 6 பேர் சிறுவயதிலேயே இறந்துபோனார்கள். சாமான்கள் அடகுக்குப் போயின. கடைசியில் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களையும் விற்றாராம். இதைப் படித்ததும் எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. என் தம்பி என் சமூக அறிவியல் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டு ஐஸ் வாங்கினதுக்கே நான் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. அந்தப் பிள்ளைகள் என்ன நினைத்திருப்பார்கள்? கிளாரிசாவை யாராவது கேட்டார்களா?

ஆனால் இன்னொன்றும் யோசித்தேன். ரப்பருக்குள் என்ன இருக்கிறது என்று அப்போது உலகத்தில் யாருக்குமே தெரியாது. அதில் மூலக்கூறுகள் இடியாப்ப இழை மாதிரி நீளநீளமாக இருக்கின்றன. சூட்டில் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். கந்தகம் இழைக்கு இழை பாலம் போட்டுக் கோர்த்துவிடும். அப்புறம் இழுத்தால் நீளும், விட்டால் பழையபடி ஆகிவிடும். கந்தகத்தை ரொம்பக் கூட்டினால் கட்டை மாதிரி இறுகி எபோனைட் ஆகும். இப்படி நீள மூலக்கூறுகள் உண்டு என்று 1920-ல்தான் ஸ்டாடிங்கர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் எழுதினார். முதலில் பலர் ஏற்கவில்லை. 1953-ல் நோபல் பரிசே கிடைத்தது. குட்இயர் பாவம், விளக்கே இல்லாமல் இருட்டு அறையில் ஊசி தேடியிருக்கிறார்.

இன்று இதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. பொருள் வேதியியல் என்று பெயர். மூலக்கூறு எப்படிக் கோர்த்திருக்கிறது, அதை மாற்றினால் பொருளின் குணம் எப்படி மாறும் என்று பார்ப்பதுதான் வேலை. டயர், பெயிண்ட், பேட்டரி என்று எல்லாவற்றிலும் இதற்கு ஆள் தேவை. பிளஸ் டூவில் வேதியியல் எடுத்து பி.எஸ்சி., எம்.எஸ்சி. என்று போகலாம். கணிதமும் இயற்பியலும் சேர்த்துப் படித்தால் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ரப்பர் மற்றும் பிளாஸ்டிக் தொழில்நுட்பம் பி.டெக். இருக்கிறது. சம்பளம் தருவார்கள், கண்ணுக்குக் கண்ணாடி தருவார்கள். யார் புத்தகத்தையும் விற்க வேண்டாம்!

1855-ல் பாரிஸ் கண்காட்சிக்குப் போன குட்இயரை அங்கேயும் கடனுக்காக ஜெயிலில் போட்டார்கள். பிரான்ஸ் அரசு தந்த பெரிய பதக்கம் ஜெயிலுக்குத்தான் வந்தது. 1860 ஜூலை 1-ல் நியூயார்க்கில் இறந்தபோது அவருக்குச் சுமார் 2 லட்சம் டாலர் கடன் இருந்தது.

லாரி டயரில் குட்இயர் என்று பார்த்தால் அவர் வாரிசுகளின் கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள். 1898-ல், அவர் இறந்து 38 வருஷம் கழித்து, ஃபிராங்க் சீபர்லிங் என்பவர் தொடங்கியது அது. மரியாதைக்காகப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி