இருபது ரூபாவின் கணக்கு: தாதாபாய் நௌரோஜி

இலண்டன் மாநகரின் கிளார்க்கன்வெல் பகுதியில் நௌரோஜி வீதி என்றொரு சிறிய வீதி உண்டு. அதற்கு அண்மையில், ரோஸ்பெரி அவென்யூவிலுள்ள பழைய பின்ஸ்பரி நகர மண்டபத்தில் அதே பெயர் தாங்கிய நினைவுப் பலகையொன்றும் காணப்படுகின்றது. அவ்வழியே வேலைக்குச் செல்லும் நம்மவர் பலர் அதனைக் கவனியாமலே கடந்திருப்பர். நாமும் பல தடவை அவ்வாறு கடந்தவர்களே. ஆசிய நாடுகளின் வறுமை இயற்கையின் சாபமா, அன்றி அரசியலின் விளைவா என்ற வினாவை, பேரரசின் தலைநகரிலேயே இருந்துகொண்டு, எண்கணக்கோடு எழுப்பிய ஒருவரின் பெயர் அது.

தாதாபாய் நௌரோஜி 1825 செப்டெம்பர் 4ஆம் நாள் ஏழைப் பார்சிக் குடும்பமொன்றிற் பிறந்தார். நான்கு வயதிலே தந்தையை இழந்த அவரை, எழுத்தறிவற்ற தாயார் மாணெக்பாய் அரும்பாடுபட்டுப் படிக்க வைத்தார். பம்பாயில் கட்டணமின்றிக் கிடைத்த கல்வியே அவரை உயர்த்தியது. பொதுப் பணத்தில் கற்றவன் பொதுமக்களுக்குக் கடன்பட்டவன் என்ற எண்ணம் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை. எல்பின்ஸ்டன் கல்லூரியில் பேராசிரியர் பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. அங்கு அவர் கற்பித்த பாடம் கணிதம் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நன்று.

1855இல் காமா நிறுவனத்தின் பங்காளியாக அவர் இங்கிலாந்து வந்தார். பிரித்தானியாவில் அமைந்த முதல் இந்திய வணிக நிறுவனம் அதுவே. அபினும் மதுவும் விற்று வரும் இலாபத்தில் பங்குகொள்ள மனம் ஒப்பாது சில ஆண்டுகளில் அதனை விட்டு விலகி, சொந்தமாகப் பருத்தி வாணிபம் தொடங்கினார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் குஜராத்தியும் கற்பித்தார். பின்னர் பரோடா சமஸ்தானத்தில் சிறிது காலம் திவானாக இருந்ததும் உண்டு, அது நீடிக்கவில்லை.

இனி அவருடைய கணக்குக்கு வருவோம். இந்தியா ஏன் வறுமையில் உழல்கின்றது என்று அக்காலத்தில் இலண்டனிற் கேட்டால், மக்கட்பெருக்கம், மழை பொய்த்தல், குடியானவனின் சோம்பல், திருமணச் செலவு என்று பட்டியல் கிடைக்கும். நௌரோஜி அரசாங்கத்தின் சொந்த அறிக்கைகளையே கையில் எடுத்தார். மாகாணம் மாகாணமாக விளைநிலத்தின் பரப்பையும் விளைச்சலின் அளவையும் விலையையும் பெருக்கிக் கூட்டி, பிரித்தானிய இந்தியாவின் மக்கள் ஒவ்வொருவருக்கும் சராசரியாக ஆண்டொன்றுக்கு 20 ரூபாவே வருமானம் என்று 1876இல் பம்பாயில் வாசித்த கட்டுரையில் நிறுவினார். அதற்கு முன்னர் எவரும் இவ்வாறு கணக்கிட்டதில்லை. அடுத்து அவர் செய்ததுதான் நம்மை வியக்க வைப்பது. சிறைச்சாலை அறிக்கைகளைத் திறந்து, கைதி ஒருவனின் உணவுக்கும் உடைக்கும் அரசு செலவிடும் தொகையைப் பக்கத்தில் வைத்தார். குற்றவாளிக்குச் செலவாகும் அந்தத் தொகை, குற்றமற்ற குடியானவனின் பங்கிலும் மிகுதியாயிருந்தது. சென்னை மாகாணத்தில் இந்த வேறுபாடு இரண்டு மடங்கையும் தாண்டியது.

பணம் எங்கே போயிற்று? 1867இலேயே இலண்டனில் அவர் இதற்கு விடை கூறத் தொடங்கியிருந்தார். இந்தியாவில் அறவிடப்படும் வரியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நாட்டை விட்டே வெளியேறுகின்றது என்பது அவர் வாதம். ஓய்வுபெற்ற வெள்ளை அதிகாரிகளின் ஓய்வூதியம், இலண்டனிலிருந்த இந்தியா அலுவலகத்தின் செலவு, இரயில் பாதைக் கம்பனிகளுக்கு உறுதியளிக்கப்பட்ட வட்டி, இந்தியாவுக்குச் சம்பந்தமேயில்லாத போர்களின் செலவு ஆகிய யாவும் இந்தியக் குடியானவனின் தலையில் விழுந்தன. எந்த அரசனும் வரி வாங்குவான். ஆனால் அந்த வரி அந்நாட்டிலேயே செலவானால் மீண்டும் குடிகளின் கைக்கு வரும். இங்கோ அது கடல் கடந்து போய் மீளவேயில்லை. பணத்தோடு அனுபவமும் வெளியேறுகின்றது என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். முப்பது ஆண்டுகள் ஆட்சி செய்து பழகிய அதிகாரி, தான் கற்றதையெல்லாம் எடுத்துக்கொண்டு கப்பலேறி விடுகிறான். படித்தவர்களை இழந்து நிற்கும் ஊர்களிலிருந்து வந்த நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இந்தியா அலுவலகத்தின் டான்வர்ஸ் என்னும் அதிகாரி அவருடைய கணக்கை மறுத்து எழுதினார். இரயிலும் வாணிபமும் ஈட்டும் வருமானத்தை விட்டுவிட்டார் என்பது குற்றச்சாட்டு. நிலத்தில் விளைந்ததையே இரயில் ஏற்றிச் செல்கின்றது. ஏற்றிச் சென்றதனால் ஒரு மணி கோதுமையும் கூடுவதில்லை என்ற பொருளில் நௌரோஜி பதிலளித்தார். அவருடைய எண்கள் யாவும் துல்லியமானவை என்று இன்றைய பொருளியலாளர் கொள்வதில்லை. எனினும் வினா நிலைத்துவிட்டது.

அந்த வினா வெறும் ஏட்டுக் கணக்காக இருக்கவில்லை. 1876 தொடக்கம் 1878 வரை தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டியது, இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அதே காலத்தில் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக் கொண்டிருந்தது. உயிர் தப்பிய தமிழர் பல்லாயிரவர் மன்னார் வழியாக இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தனர். மலையகத் தமிழர் பலரின் முன்னோர் அந்த நடையில் வந்தவர்களே.

பாராளுமன்றத்தினுள் நுழையாமல் பயனில்லை என்று உணர்ந்த நௌரோஜி, 1886இல் லிபரல் கட்சியின் சார்பில் ஹோபர்னிற் போட்டியிட்டுத் தோற்றார். இரண்டு ஆண்டுகளின் பின், பிரதமர் சோல்ஸ்பரி பிரபு எடின்பரோவில் பேசுகையில், கறுப்பு மனிதரொருவரை ஆங்கிலேய வாக்காளர் தெரிவு செய்வரா என்று ஏளனமாக ஐயமெழுப்பினார். பிரதமரிலும் நௌரோஜியே வெளிறிய நிறத்தவர் என்று பத்திரிகைகள் நகையாடின. ஏளனம் செய்தவரே எதிராளியின் பெயரை நாடு முழுவதும் பரப்பி வைத்தார்! 1892இல் கைவினைஞரும் தொழிலாளரும் நிறைந்த பின்ஸ்பரி மத்திய தொகுதி 5 வாக்குகளின் பெரும்பான்மையில் அவரைத் தெரிவு செய்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு. அயர்லாந்தின் சுயாட்சிக்கும் பெண்களின் வாக்குரிமைக்கும் அவர் ஆதரவாக நின்றார்.

மறு ஆண்டே அவருடைய ஒரே மகன் அர்தேஷிர் இந்தியாவிற் காலமானார். அதே 1893இல், சிவில் சேவைப் பரீட்சையை இலண்டனிலும் இந்தியாவிலும் ஒருங்கே நடத்த வேண்டுமென்ற தீர்மானம் பொதுச்சபையில் நிறைவேறியது. இந்திய அரசாங்கம் அதனைக் கிடப்பிற் போட்டது. மாகாண அரசுகளுள் சென்னை மட்டுமே அதனை ஆதரித்தது என்பது நாம் அறிந்திருக்க வேண்டிய செய்தி. 1895இல் ஆசனத்தை இழந்தார். அவ்வாண்டு அமைக்கப்பட்ட, இந்தியச் செலவினங்கள் பற்றிய வெல்பி ஆணைக்குழுவில் உறுப்பினராக அமர்ந்தார். அதன்முன் சாட்சியமளிக்க 1897இல் இலண்டன் வந்தவர்களுள் சுதேசமித்திரன் ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயரும் ஒருவர்.

1901இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலின் தலைப்பிலே, அந்த ஆட்சி பிரித்தானியப் பண்புக்கு ஒவ்வாதது என்றே குறித்திருந்தார். ஆங்கிலேயரின் நீதியுணர்வைத் தட்டியெழுப்பினால் போதும் என்று அவர் நெடுங்காலம் நம்பியது மிகையான நம்பிக்கை என்றே நமக்குத் தோன்றுகின்றது. அவருக்கும் இறுதியில் அது தோன்றியிருக்க வேண்டும். 1904இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய சோசலிச மாநாட்டில் உரையாற்ற எழுந்தபோது, பேராளர்கள் யாவரும் எழுந்து மௌனமாக நின்று மரியாதை செய்தனர். 1906இல், எண்பத்தொரு வயதில், கல்கத்தா காங்கிரசுக்குத் தலைமை தாங்கி, சுயராச்சியமே கோரிக்கை என்று அறிவித்தார். மறு ஆண்டு இலண்டனை விட்டு நீங்கியவர், பம்பாயின் கடலோரமான வெர்சோவாவில் வாழ்ந்து, 1917 யூன் 30ஆம் நாள் மறைந்தார்.

இலண்டனின் தென்புறத்தே அனேர்லியில் அவர் ஏழெட்டு ஆண்டுகள் வசித்த வீட்டில், 2022ஆம் ஆண்டில் நீல வண்ண நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. அந்நூலை அவர் வெளியிட்டது அந்த வீட்டில் வாழ்ந்த காலத்திலேயே.