எலும்பைக் காட்டிய ஒளி: எக்ஸ்ரே தந்த ராண்ட்ஜன்

செம்பனைக் குலை வெட்டும்போது வழுக்கி விழுந்தாலும், மோட்டார் சைக்கிள் சறுக்கித் தோள்பட்டை வீங்கினாலும், மருத்துவமனையில் டாக்டர் பெரும்பாலும் முதலில் எடுக்கச் சொல்வது எக்ஸ்ரே. கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா தோட்டப்புறங்களில் எக்ஸ்ரே என்ற சொல்லை அறியாதவர் இல்லை. அதை உலகுக்குத் தந்த வில்ஹெல்ம் ராண்ட்ஜனின் வாழ்க்கைதான் பலருக்குத் தெரியாது.

1845ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் தேதி, ஜெர்மனியின் லென்னெப் நகரில் துணி வியாபாரி ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். நெதர்லாந்தில் படித்தபோது, ஆசிரியர் ஒருவரைக் கேலி செய்து வேறொரு மாணவன் வரைந்த படத்துக்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். வரைந்தவனைக் காட்டிக்கொடுக்க அவர் மறுத்ததே காரணம். பள்ளிச் சான்றிதழ் இல்லாததால் பல்கலைக்கழகக் கதவுகள் அடைபட்டன. பிறகு நுழைவுத் தேர்வு எழுதி, சூரிச் நகரில் இயந்திரப் பொறியியல் பயின்றார். 1869இல் முனைவர் பட்டம் பெற்றார்.

1895 நவம்பர் 8ஆம் தேதி மாலை, வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் கறுப்பு அட்டையால் மூடிய கண்ணாடிக் குழாயில் மின்சாரத்தைச் செலுத்தினார். வெளிச்சம் கசிய வழியில்லை. ஆனாலும் சற்றுத் தள்ளியிருந்த ரசாயனம் பூசிய அட்டை ஒளிர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு கதிர் அட்டையைத் துளைத்து வருவதை உணர்ந்தார். என்னவென்று தெரியாததால் அதற்கு எக்ஸ் என்று பெயரிட்டார்.

ஏறக்குறைய ஏழு வாரங்கள் ஆய்வுக்கூடமே கதியாகக் கிடந்தார். டிசம்பர் 22ஆம் தேதி மனைவி அன்னா பெர்த்தாவின் கையைப் படம் எடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் தெளிவாகத் தெரிந்தன. 1896 பிப்ரவரியிலேயே, அமெரிக்காவில் பனியில் சறுக்கி விளையாடும்போது விழுந்த சிறுவனின் கை எலும்பு முறிவை டாக்டர்கள் எக்ஸ்ரேயில் கண்டறிந்தார்கள்.

இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு 1901இல் ராண்ட்ஜனுக்குக் கிடைத்தது. பரிசுப் பணத்தைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். கண்டுபிடிப்புக்குக் காப்புரிமையும் பெறவில்லை. அது மனித குலம் முழுமைக்கும் பயன்பட வேண்டும் என்பது அவர் எண்ணம். 1917இல் பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு தொடங்கியபோது அவருக்கு 72 வயது. முதல் உலகப்போருக்குப் பின் ஜெர்மனியில் பணம் மதிப்பிழக்க, கடைசிக் காலத்தில் சிரமப்பட்டார். 1923 பிப்ரவரி 10ஆம் தேதி மியூனிக்கில் குடல் புற்றுநோயால் காலமானார்.

அவர் விட்டுச்சென்ற கொடையை நாம் சரியாகப் பயன்படுத்துகிறோமா? விழுந்து அடிபட்டவுடன் தைலம் தேய்த்து உருவிவிடும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. எலும்பு முறிந்தோ மூட்டு விலகியோ இருந்தால், உருவும்போது நரம்பும் ரத்தக் குழாயும் சேதமாகலாம். முதலில் படம், பிறகுதான் மற்றது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எக்ஸ்ரே காறை எலும்பு முறிவையும் மூட்டு விலகலையும் காட்டும். தோளைச் சுற்றியுள்ள தசைநார் கிழிந்திருந்தால் அது அந்தப் படத்தில் நேரடியாகத் தெரியாது. நீண்ட கம்பில் அரிவாள் கட்டி, தலைக்கு மேல் கைகளைத் தூக்கி ஆண்டுக்கணக்கில் குலை வெட்டுபவர்களுக்கு இந்தத் தசைநார்கள் தேயலாம், கிழியலாம். எனவே எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றால் காயமே இல்லை என்று பொருளல்ல. கையைத் தூக்க முடியாவிட்டாலோ, அந்தப் பக்கம் படுத்தால் இரவில் வலி எழுப்பினாலோ, மீண்டும் டாக்டரிடம் சென்று அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். கர்ப்பிணிகள் எக்ஸ்ரே எடுக்கும் முன் அதைச் சொல்லிவிட வேண்டும்.

வேலையில் அடிபட்டால் உடனே நிர்வாகத்திடம் தெரிவியுங்கள். படங்களையும் மருத்துவ அறிக்கைகளையும் பத்திரமாக வைத்திருங்கள். பின்னாளில் பெர்கேசோ இழப்பீடு கோரும்போது, வெளியில் தெரியாத காயத்துக்கு அவையே சாட்சி.