கொல்லிமலைப் பிராண்டு ஐயர்

வல்வில் ஓரி ஆண்ட மலையென்று புலவர் புகழ்ந்த கொல்லிமலை, முற்காலத்திற் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்து, இப்பொழுது நாமக்கல் மாவட்டத்துள் அடங்கியிருக்கின்றது. அறப்பளீசுரர் ஆலயத்தையும் ஆகாயகங்கை அருவியையும் காண்போர் இக்காலத்தில் எழுபது கொண்டைவளைவுகளையுடைய சாலையில் வாகனமேறிச் செல்லுகின்றனர். நூறாண்டுகளுக்கு முன்னோ அங்கே சாலை கிடையாது. ஒற்றையடிப் பாதையிற் கால்நடையாகவேனும் டோலியிலேனும் ஏறவேண்டும். ஏறியவர்க்குக் குளிர்காய்ச்சல் தப்பாது என்னும் அச்சமும் கீழ்நாட்டாரிடம் மிகுந்திருந்தது. அத்தகைய மலையைத் தம் இல்லமாக்கிக்கொண்ட ஜெஸ்ஸி பிராண்டு ஐயரின் சரித்திரத்தை இங்கே சுருக்கி எழுதுவோம்.

பிராண்டு ஐயர் இங்கிலாந்திலே பிறந்து, கட்டடத் தொழில் பயின்றவர். ஊழியஞ் செய்யும் விருப்பம் மேலிட, லண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியில் வெப்பநாட்டு நோய்களுக்குரிய மருத்துவத்தைச் சிறிது காலம் கற்று, 1907-ஆம் ஆண்டு ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்து தமிழ்நாடு வந்தார். வைத்தியப் பட்டம் அவருக்கில்லை. ஆயினும் கற்ற சிறிதைக் கடமையாக எண்ணினார். 1913-இல் எவலின் ஹாரிஸ் அம்மையாரை மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் மணந்து, அவருடன் கொல்லிமலை ஏறினார்.

வாழவந்தி என்னுமிடத்தில் தாமே மரவீடு ஒன்று அமைத்தார். கரையான் ஏறாதபடி அதைக் கால்களின்மேல் நிறுத்தினார். சாமையும் தினையும் விளைவித்து வாழும் மலையாளிகள் எனப்படும் மலைவாசிகளே அவருக்கு அயலார். முதலில் அவர்கள் ஐயரை நெருங்கவில்லை. ஐயர் புண்களைக் கழுவிக் கட்டினார், நரம்புச் சிலந்தியால் வருந்தியோர்க்குச் சிகிச்சை செய்து, அந்நோய் பரவாவண்ணம் நல்ல கிணறுகள் வேண்டுமென்று போதித்தார், பாடசாலைகள் வைத்தார், தச்சுவேலை முதலிய கைத்தொழில்களைக் கற்பித்தார். ஏழைகள் கீழ்நாட்டு வட்டிக்காரர் கையில் அகப்பட்டு வருந்துவதைக் கண்டு, அவர்கள் சார்பாய் நின்று வழக்காடினார்.

1918-ஆம் ஆண்டு தொடங்கிய உலகளாவிய விஷக்காய்ச்சல் மலைமேலும் ஏறியது. தம்பதிகள் குடிசைதோறும் கஞ்சி சுமந்து சென்று ஊட்டினர். அவரை நெடுநாள் எதிர்த்துவந்த பூசாரி ஒருவரும் அந்நோய்க்கு இரையானார். மரிக்குந்தறுவாயில் அவர் தம் கைக்குழந்தையை ஐயரிடமே ஒப்புவித்தார். ரூத் என்று பெயரிடப்பெற்ற அக்குழந்தையை அவர்கள் தம் மகளாகவே வளர்த்தனர். மலைமக்கள் மனம் திறந்தது அதன் பின்னரே.

பால் என்னும் மகன் 1914-இலும், கானி என்னும் மகள் அதற்குச் சிலகாலத்தின் பின்னும் பிறந்தனர். 1923-இல் குடும்பமாய் இங்கிலாந்து சென்ற பெற்றோர், கல்வியின் பொருட்டு மக்களை அங்கே விட்டு மலைக்குத் திரும்பினர். அப்பொழுது பாலுக்கு வயது ஒன்பது. தந்தையை அவன் மறுபடி காணவேயில்லை. 1929-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள், கருநீர்க் காய்ச்சலால் ஐயர் தமது 44-ஆம் வயதில் மரித்தார்.

குளிர்காய்ச்சலின் கிருமியைக் கொசு சுமக்கின்றது என்பதை ரொனால்டு ராஸ் 1897-இல் செகந்தராபாத்தில் கண்டறிந்திருந்தார். கிருமி நம் உடலினுள் செய்வது யாதென்பது பிற்கால ஆராய்ச்சியாலேயே தெளிவாயிற்று. இரத்தத்தின் செவ்வணுவைச் சூழ்ந்திருப்பது இரண்டடுக்குக் கொழுப்பாலாகிய மெல்லிய சவ்வு. அதற்கு உறுதியும் நெகிழ்ச்சியும் தருவன புரதங்களும் கொலஸ்டிரால் என்னும் பொருளுமாம். முதிர்ந்த செவ்வணு கொலஸ்டிராலைத் தானே ஆக்கவல்லதன்று. இரத்தநீரில் மிதந்து செல்லும் கொழுப்பும் புரதமும் சேர்ந்த நுண்துகள்களோடு கொடுத்தும் வாங்கியுமே அதனைத் தன் சவ்வில் நிலைநிறுத்துகின்றது. கொலஸ்டிரால் என்றாலே பகையென்று எண்ணுவோர் இதைக் கருதவேண்டும்.

குளிர்காய்ச்சற் கிருமியும் கொலஸ்டிராலை ஆக்க அறியாது. ஆகையால் தான் குடிபுகுந்த அணுவிடத்தும் இரத்தநீரிடத்தும் அதைக் கவர்ந்து தன் சந்ததியைப் பெருக்குகின்றது. புகும்போது சவ்வைக் கிழியாமல், அதையே தன்மேல் மடித்துப் போர்த்துக்கொண்டு உள்ளே செல்லும். கொடிய வகையாயின், ஏறத்தாழ இரண்டு நாளிற் பெருகி அணுவை உடைத்து வெளிப்படும். கருநீர்க் காய்ச்சலிலோ கிருமி புகாத செவ்வணுக்களும் ஏராளமாய் நாளங்களுக்குள்ளேயே உடைகின்றன. அவற்றின் செந்நிறப் பொருள் சிறுநீரகத்தை அடைத்து, நீரைக் கருமையாக்கி, உயிரையும் கொண்டுபோகும். கொடிய குளிர்காய்ச்சல் மீண்டும் மீண்டும் தாக்க, இடைவிட்டு இடைவிட்டுக் கொயினா உட்கொண்டோரிடத்திலேயே இந்நோய் பெரிதும் காணப்பட்டது. அக்காலத்தில் அக்காய்ச்சலுக்குத் தலையாய மருந்தாய் இருந்ததும் கொயினாவே. பின்னர் வேறு மருந்துகள் அதன் இடத்திற்கு வந்தபின் கருநீர்க் காய்ச்சல் மிக அரிதாயிற்று. ஐயரின் காலமோ அதற்கு முற்பட்டது.

மரணச் செய்தி தந்தி வழியாய் லண்டன் சேர்ந்தது. கடிதங்களோ கப்பலில் வாரக்கணக்காய் வருவன. ஆகவே, தந்தை இறந்தாரென்று அறிந்த பின்னரும், அவர் மரிக்குமுன் எழுதிய கடிதம் மகன் கைக்கு வந்தது. மலையின் மரங்களையும் பறவைகளையும் குறித்து மகனுக்கு எழுதுவது அவர் வழக்கம். பதினான்கு வயதுப் பாலகன் அதை எவ்வாறு வாசித்திருப்பான்!

அம்மகன் தந்தையைப் போலவே முதலிற் கட்டடத் தொழில் பயின்றான். பின்பு மருத்துவம் கற்றான். 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் முடங்கிய கைகளை அறுவைச் சிகிச்சையால் மீண்டும் இயங்கச் செய்த டாக்டர் பால் பிராண்டு ஆனான். எவலின் அம்மையாரோ முதுமையிலும் மலைகளை விட்டகலாது உழைத்து, 1974-இல் தமது 95-ஆம் வயதில் இறந்து, வாழவந்தியிற் கணவர் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

மாணவ நண்பர்களே, ஐயர் அறிந்திருந்த மருத்துவம் சிறிது. அவரைக் கொன்ற நோயின் மருமமோ அவருக்குப் பின் வந்தோர்க்கே விளங்கிற்று. அறிவு முழுமை பெறும்வரை காத்திருந்தாராயின், மலைக்குடிசைகளிற் கஞ்சி ஊட்டுவார் யாருமிரார். நாம் இன்று அவரினும் மிகுதியாய் அறிந்திருக்கின்றோம். அவ்வறிவைச் சுமந்துகொண்டு நம்மில் எத்தனை பேர் மலையேறுவோம்?