ராஜா தீன் தயாள்

சிகந்தராபாத்தில் வாழும் நம் குடும்பங்களில் சார்மினாரின் முன் நின்று படம் எடுத்துக் கொள்ளாதவர் இரார். ஊரிலிருந்து விருந்தினர் வந்தால், முதல் ஞாயிற்றுக்கிழமையே அங்கு அழைத்துச் செல்கிறோம். குவார்ட்டர்ஸ் வேப்பமரத்தில் வந்தமரும் மைனாவைக்கூடப் பிள்ளைகள் கைபேசியில் பிடித்துவிடுகிறார்கள். வெளியூர் சென்று ஒரு கட்டடத்தைப் படம் பிடிக்க வண்டி நிறையச் சாமான் வேண்டியிருந்த காலமும் உண்டு. அக்காலத்திலேயே இந்நகருக்குப் புகழ் தேடித் தந்தவர் லாலா தீன் தயாள்.

இவர் 1844-ஆம் ஆண்டில், மீரட்டை அடுத்த சர்தானாவில், ஜைனக் குடும்பமொன்றில் பிறந்தார். ரூர்க்கி தாம்சன் பொறியியல் கல்லூரியில் பயின்றபின், 1866-இல் இந்தூரில் மராமத்து இலாகாவின் அலுவலகத்தில் தலைமை எஸ்டிமேட்டராகவும் டிராப்ட்ஸ்மனாகவும் அமர்ந்தார். கோடு கிழிப்பதும் மதிப்பீடு போடுவதுமே பணி. மாதம் பிறந்தால் சம்பளம். நமக்கு நன்கு பழக்கமான வாழ்க்கைதான்.

முப்பது வயதில், 1874-இல், காமிராவைக் கையிலெடுத்தார். அந்நாளில் பெரும்பாலும் வழங்கியது ஈரத்தகடு முறை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து, உடனே இருட்டுக் கூடாரத்தில் அதைக் கழுவியாக வேண்டும். மத்திய இந்தியாவின் கோடை வெயிலில் அத்தகடு எவ்வளவு விரைவாக உலர்ந்துவிடும் என்பதை அங்கு இருந்தவர் அறிவர். பின்னர் உலர்தகடுகள் வந்து இத்தொல்லை குறைந்தது.

இந்தூர் மகாராஜா இரண்டாம் துக்கோஜிராவும், ஆங்கிலேய ஏஜெண்டான சர் ஹென்றி டேலியும் இவரை ஆதரித்தனர். பின்னர் சர் லெப்பல் கிரிபினுடன் புந்தேல்கண்டுப் பகுதியைச் சுற்றிப் பழைய கட்டடங்களைப் படமெடுத்தார். அவற்றில் எண்பத்தாறு படங்கள் ஒரு பெருந்தொகுதியாயின. குவாலியர்க் கோட்டையும் சாஞ்சி ஸ்தூபமும் அன்று எந்நிலையில் இருந்தன என்பதற்கு அவை இன்றும் சாட்சியாக நிற்கின்றன.

இவ்வளவு பெயர் வந்த பின்பும் அவர் இலாகா ஊழியராகவே இருந்தார். ஒரு பக்கம் நிலையான சம்பளம். மறுபக்கம் உடையும் கண்ணாடியை நம்பிய தொழில். ஞானசந்த், தரம்சந்த் என்று இரு மைந்தர்களும் இருந்தனர். 1880-களின் நடுப்பகுதியை ஒட்டி அவர் உத்தியோகத்தை விட்டார். இருபது ஆண்டு சர்வீஸை எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து வருவது எத்தகையது என்று நம்மில் பலர் எண்ணிப் பார்த்திருப்போம், செய்தவர் சிலரே.

ஆறாம் நிஜாம் மகபூப் அலிகான் அவரைத் தம் அரசவைப் புகைப்படக்காரராக நியமித்து, ராஜா என்றும் முசவ்விர் ஜங் என்றும் பட்டங்கள் வழங்கினார். சிகந்தராபாத்தில் ஸ்டூடியோ எழுந்தது. 1896-இல் பம்பாயிலும் ஒன்று திறந்தார். கோஷாப் பெண்மணிகளுக்கென 1892-இல் ஐதராபாத்தில் தனி ஸ்டூடியோ வைத்து, அதை ஓர் ஆங்கில மாதின் பொறுப்பில் விட்டதை அவருடைய நல்லறிவுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வேன்.

அரண்மனை விருந்துகளும் வேட்டைகளும் மட்டுமே அவர் படங்களில் உள்ளன என்று எண்ணுதல் தவறு. கடைவீதிகள் உள்ளன, பஞ்ச நிவாரண வேலைகளில் ஈடுபட்ட ஏழைகளும் உள்ளனர். எனக்கு மகாராஜாக்களின் வைரமாலைகளைவிட அம்முகங்களே நெஞ்சில் நிற்கின்றன.

தீன் தயாள் 1905-இல் காலமானார். மூன்றாண்டுகள் கழித்து, 1908 செப்டம்பரில், மூசி நதி பெருக்கெடுத்துப் பாலங்களை உடைத்து, வீடுகளையும் ஆயிரக்கணக்கான மக்களையும் கொண்டு சென்றது. அவ்வெள்ளத்திற்கு முந்தைய ஐதராபாத்தைக் காண விரும்புவோர் அவருடைய படங்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது. அவர் எடுத்த கண்ணாடித் தகடுகளில் 2,857-ஐ டில்லியிலுள்ள இந்திரா காந்தி தேசிய கலை மையம் 1989-இல் வாங்கிப் பாதுகாத்தது. 2006-இல் தபால் இலாகா அவருடைய நினைவாக ஒரு தபால் தலை வெளியிட்டது.