மரத்தில் செதுக்கிய எழுத்தும் கரம்பொன் தந்த அறிஞரும்

மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னர் மரத்தில் செதுக்கப்பட்ட தமிழ் எழுத்துகளை இன்று நாம் பார்க்க முடிகிறதென்றால், அந்த நன்றிக்கு உரியவர்களுள் முதன்மையானவர் தீவகத்தின் மைந்தர் ஒருவரே.

அன்ரம் டி புரொயன்சா என்னும் இயேசு சபைத் துறவி தொகுத்த தமிழ்-போர்த்துக்கேய அகராதி, 1679 இல் இன்றைய கேரளத்தின் அம்பழக்காட்டில் அச்சேறியது. தொகுத்தவர் 1666 இலேயே மறைந்துவிட்டார். அந்நூலுக்கான எழுத்துகளை மரத்தில் செதுக்கியவர் மலபாரைச் சேர்ந்த இக்னாசியுஸ் ஆச்சாமணி. காலப்போக்கில் அகராதியும் மறைந்தது. அதைச் செதுக்கிய கைகளும் மறக்கப்பட்டன.

வத்திக்கான் நூலகத்தில் எஞ்சியிருந்த அரிய பிரதியை வெளிக்கொணர்ந்தவர் தனிநாயகம் அடிகளார். 1913 ஆகஸ்ட் 2 இல் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னில் பிறந்த அவர், உரோமாபுரியில் பயின்று குருவானார். தமிழை முறையாகக் கற்கும் வேட்கை, வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்த காலத்திலேயே அவருக்கு உண்டானது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவ்வேட்கையைத் தணித்தது.

1952 இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். 1554 இல் லிஸ்பனில் உரோமன் எழுத்தில் வெளிவந்த தமிழ் நூலையும், 1578 இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' நூலையும் அறிஞர் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1964 இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். 1966 இல் கோலாலம்பூரில் முதலாவது மாநாடு கூடிய அதே ஆண்டில், மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியாக அந்த அகராதியை அசல் வடிவிலேயே மறுபதிப்பாக்கினார். ஒரு பிரதி பலவாயிற்று.

1980 செப்டெம்பர் 1 இல் அடிகளார் மறைந்தார். அடுத்த ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. மறுபதிப்பின் பெறுமதியை அந்தத் தீ நமக்கு உணர்த்திற்று.

அச்சுப் பாரம்பரியம் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. கல்லச்சில் பதிக்கப்பெற்ற அறபுத்தமிழ் நூல்களும் இம்மொழியின் செல்வமே. 1990 இல் வடபுலத்திலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது, அவர்கள் வீடுகளோடு விட்டுச் சென்றவற்றை யார் கணக்கிட்டார்கள்?

நம் வீட்டுப் பெட்டிகளில் எஞ்சியிருக்கும் பழைய ஏடுகளையும் நூல்களையும் செல்லரிக்கும் முன் படியெடுத்து வைப்போம். அடிகளாருக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு அதுவே.